பாவம், சாவித்திரி

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி முடிந்த பிறகு ஒரு சபை கூடும். மண்டபத்து ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு பெரியப்பாக்களும் மாமாக்களும் பழைய படம் பேசுவார்கள். சிறுமியாக இருந்தபோதிலிருந்து அந்தச் சபையின் விளிம்பில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவள் நான். கட்டபொம்மன் வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாமாவும், எம்.ஜி.ஆர். நம்பியாரோடு போட்ட வாள்சண்டையைக் குடைக்கம்பால் நடித்துக்காட்டும் பெரியப்பாவும் இல்லையென்றால் எனக்கு இந்தப் பித்தே வந்திருக்காது. ஆகவே இதை வெளியாளின் புகார் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

சென்ற வருடம் அப்படியொரு சபையில் சாவித்திரியின் பெயர் வந்தது. அதுவரை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசியவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். “பாவம், சாவித்திரி” என்றார் ஒருவர். குடி என்றார் இன்னொருவர். கைவிட்டுப் போன சொத்து, ஒட்டிக்கொண்டு ஏமாற்றியவர்கள், 1981இல் இறப்பதற்கு முன் மாதக்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தது என்று வரிசையாக வந்தது. உச்சுக்கொட்டினார்கள். பிறகு சிவாஜிக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் சாவித்திரி நடித்த ஒரு காட்சியைக்கூட ஒருவரும் சொல்லவில்லை.

மிச்சப் பூவைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த என் அத்தை, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “நவராத்திரியில ஒம்பது பேருக்கும் பதில் சொன்னது ஒருத்திதானே. அதை யாராவது சொல்றாங்களா பாரு.”

அத்தை சொன்னது சினிமா விமர்சனம். 1964இல் வந்த ‘நவராத்திரி’ சிவாஜியின் நூறாவது படம். அதில் அவருக்கு ஒன்பது வேடங்கள். அந்த ஒன்பதையும் விரல்விட்டு எண்ணிச் சொல்லாத ரசிகர் இல்லை. ஆனால் அந்தக் கதை, வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு பெண்ணின் கதை. ஒன்பது ஆண்களும் அவள் வழியில் வந்து போகிறவர்கள். சிவாஜிக்கு ஒவ்வொரு முறையும் வேறு ஒப்பனை, வேறு குரல், வேறு நடை உண்டு. சாவித்திரிக்கு அந்த வசதி கிடையாது. அதே பெண்ணாக இருந்துகொண்டு ஒன்பது விதமான ஆண்களுக்கு ஒன்பது விதமாக ஈடுகொடுக்க வேண்டும். பைத்தியமாக நடிக்கும் பெண்ணாகவும், கூத்து மேடையில் ஆடும் பெண்ணாகவும் அவரே நிற்கிறார். இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றாதபோது, அவர் எத்தனை புட்டி குடித்தார் என்பது மட்டும் எப்படி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது?

பழைய படப் பேச்சுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. ஆண் நடிகர் அதில் எழுவாய்: அவர் நடித்தார், பாடினார், சண்டை போட்டார், கட்சி ஆரம்பித்தார். பெண்ணோ செயப்படுபொருள்: அவளைக் காதலித்தார்கள், கைவிட்டார்கள், ஏமாற்றினார்கள். ஆண் என்ன செய்தான் என்பது கதை; பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதே கதை.

ஆண்களுக்கும் வீழ்ச்சி உண்டு. தியாகராஜ பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்றவர். வெளியே வந்தபின் பழைய உயரத்தை அவர் எட்டவேயில்லை. ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் முதலில் வருவது அவர் குரல். அடுத்து, ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட கதை. சிறை கடைசியில்தான் வரும், அதுவும் அவருக்கு நேர்ந்த அநீதியாக. சந்திரபாபுவையும் ‘பாவம்’ என்பார்கள்தான். அதற்கு முன்னால் அவர் ஆட்டத்தையும் அந்த யோடலிங்கையும் யாராவது எழுந்து செய்துகாட்டிவிடுவார்கள். சாவித்திரிக்கு மட்டும் முன்னால் ஒன்றும் இல்லை.

ஒரே திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மணமான ஜெமினி கணேசனை சாவித்திரி மணந்தார். அவர் ‘காதல் மன்னன்’. இவர் ‘பாவம்’. ஒருவருக்கு அது பட்டம், மற்றவருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தீராத தண்டனை. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் படத் தயாரிப்பாளர்கள் அல்லர். நாற்காலி வட்டத்தில் உட்கார்ந்திருந்த நம் பெரியப்பாக்கள்தான் போட்டார்கள்.

அதே வட்டத்தில் ஒருநாளும் நான் கேட்காத செய்தி ஒன்று உண்டு. சாவித்திரி இயக்குநர். 1968இல் தெலுங்கில் ‘சின்னாரி பாப்பலு’ எடுத்தார். அதற்கு இசை பி. லீலா. அதையே 1969இல் தமிழில் ‘குழந்தை உள்ளம்’ ஆக்கினார். 1971இல் சிவாஜியோடு நடித்து ‘பிராப்தம்’ எடுத்தார். ‘பிராப்தம்’ நஷ்டப்பட்ட கதை மட்டும் சபைக்குத் தெரியும். “அந்தம்மாவுக்கு ஏன் இந்த வேலை?” என்பார்கள். படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஆண்கள் கோடம்பாக்கத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவர்களைப் பார்த்து இந்தக் கேள்வியை யார் கேட்டார்கள்?

பாவம் என்று சொல்ல இடம்கொடுக்காத பெண்ணுக்கு இன்னொரு சொல் தயாராக இருக்கிறது: திமிர். பானுமதிக்கு அதுதான் கிடைத்தது. நடித்தார், சொந்தக் குரலில் பாடினார், கதை எழுதினார், கணவரோடு சேர்ந்து பரணி ஸ்டூடியோவை நடத்தினார், 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கினார். சபையில் இதில் எதுவும் வராது. ‘நாடோடி மன்னன்’தான் வரும். அதில் பானுமதியின் பாத்திரம் பாதியில் செத்துப்போகும், பிறகு சரோஜாதேவி வருவார். எம்.ஜி.ஆரோடு ஒத்துப்போகாததால்தான் சாகடித்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். காட்சி இப்படி வேண்டாம் என்று ஒரு நடிகர் சொன்னால் தொழில் தெரிந்தவர். நடிகை சொன்னால் திமிர் பிடித்தவள்; அவளைக் கதையிலிருந்தே அகற்றியது சரியான பாடம்.

சில பெண்களுக்கு இந்த இரண்டு சொல்லும்கூடக் கிடைப்பதில்லை. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் எது என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் ‘கூண்டுக்கிளி’, 1954 என்பார்கள். அதை எடுத்த ஆர்.ஆர். பிக்சர்ஸ் யாருடையது? இயக்குநர் டி.ஆர். ராமண்ணாவின் பெயர் வரும். அவரோடு சேர்ந்து அந்த நிறுவனத்தை உருவாக்கிய அக்கா டி.ஆர். ராஜகுமாரியின் பெயர் வராது. ‘ஹரிதாஸ்’, ‘சந்திரலேகா’ நாயகி, தியாகராய நகரில் தன் பெயரில் தியேட்டர் நடத்தியவர், சபைக்கு வெறும் ‘கனவுக்கன்னி’. அடுத்த வரி, “கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கலை.”

வயதானவர்கள் பொழுதுபோகப் பேசுவதை இத்தனை தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஏனென்றால் நம் சினிமாவின் தொடக்க காலத்துக்கு, பேச்சைவிட்டால் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் ‘காளிதாஸ்’, 1931இல் வந்தது. அதன் பிரதி இன்று இல்லை. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி. சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்டு, அந்த மணவாழ்க்கை முறிந்தபின் நாடக மேடைக்கு வந்தவர். தான் எழுதிய நாவலை 1936இல் ‘மிஸ் கமலா’ என்று தானே தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவர். படச்சுருள் அழிந்துபோன இடத்தில் நினைவுதான் ஆவணம். அந்த நினைவில் யாருடைய வேலை தங்குகிறது, யாருடைய கண்ணீர் மட்டும் தங்குகிறது என்பது பொழுதுபோக்கு விஷயமல்ல. இன்று திரைப்படக் கல்லூரியில் சேரும் ஒரு மாணவி, தனக்கு முன்னால் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறாள். அவளுக்கு முன்னால் ஆள் இருந்தது. அதை அவளிடமிருந்து மறைத்தது இந்தப் பேச்சுதான்.

இரக்கமும் அன்புதானே என்று என் மாமா கேட்டார். அவர் சாவித்திரிக்காக அழுதவர். அந்தக் கண்ணீரை நான் சந்தேகிக்கவில்லை. அந்தப் பெண்கள் பட்ட பாட்டைப் பேசவே கூடாது என்றும் சொல்லவில்லை. நிச்சயம் பேச வேண்டும். யார் லாபமடைந்தார்கள், சம்பளம் யார் கைக்குப் போனது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, வயது கூடியதும் வாய்ப்பு ஏன் நின்றது, உடன் நடித்த ஆணுக்கு ஏன் நிற்கவில்லை? இவையெல்லாம் கேள்விகள். ‘பாவம்’ என்ற சொல் இந்தக் கேள்விகளை வரவிடாமல் கதவைச் சாத்திவிடுகிறது. விதி என்றாகிவிட்டால் யாரும் பொறுப்பில்லை அல்லவா?

இதில் இன்னொரு திருட்டும் நடக்கிறது. பழைய பட ரசிகர் என்றால் நம் மனதில் வருவது ஓர் ஆண். பெண்கள் ரசித்தால் அது ‘பைத்தியம்’, எம்.ஜி.ஆர். படத்துக்குக் கூட்டமாகப் போன பெண்களை இன்றும் கேலி செய்கிறார்கள். என் அத்தை ‘பாசமலர்’ பார்க்க, காலைச் சமையலோடு மதியச் சமையலையும் முடித்து, மாமியாரிடம் கோயில் என்று பொய் சொல்லி, மேட்டினிக்குப் போனவர். திரும்பி வரும் வழியில் தோழிகளோடு பேசியதுதான் அவருடைய ரசிகர் மன்றம். சாவித்திரி எந்த இடத்தில் வசனம் பேசாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினார் என்று அவருக்கு இன்றும் தெரியும். ஆனால் அவருக்கு நாற்காலி வட்டத்தில் இடமில்லை. அவர் பூக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று நான் அத்தையின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அந்த வட்டத்துக்குள் போட்டேன். “அத்தை ஒண்ணு சொன்னாங்க, கேளுங்க” என்றேன். அத்தை முதலில் வெட்கப்பட்டார். பிறகு ‘நவராத்திரி’யை முதல் காட்சியிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் பெரியப்பா இரண்டு முறை திருத்தப் பார்த்தார். இரண்டு முறையும் அத்தை சொன்னதுதான் சரி.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஓர் அத்தை இருப்பார், பாட்டி இருப்பார். எழுபதும் எண்பதும் தாண்டியவர்கள், நாள் அதிகமில்லை. கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். “பாவம்” என்று ஆரம்பித்தால் குறுக்கிட்டு, “அவங்க என்ன செஞ்சாங்க, அதைச் சொல்லுங்க” என்று கேளுங்கள். அடுத்த கல்யாணத்தில் நாற்காலியை நீங்களும் இழுத்துப் போடுங்கள்.