ரத்தம் நின்றால் போதுமா?

உதடு கிழிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் நாலு வைத்தியர் சேர்ந்துவிடுவார்கள். மாடிவீட்டு அக்கா காப்பித்தூளோடு இறங்கி வருவார். எதிர்வீட்டுத் தாத்தா மஞ்சள்தான் என்பார். அண்ணாந்து பிடி என்று பின்னாலிருந்து ஒரு குரல். எப்படியோ ரத்தம் நின்றதும் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கலைவார்கள்: "வாய்க் காயம்தானே, தானா ஆறிடும். தையல் போட்டாத்தான் தழும்பு நிக்கும். இதுக்குப் போய் டாக்டரா?"

இதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. அதனால்தான் மீதியை யாரும் சந்தேகிப்பதில்லை.

முதலில் ரத்தம். தீர்ப்பே அதை வைத்துத்தான் எழுதப்படுகிறது. இரண்டு கன்னத்துப் பக்கமிருந்தும் ரத்தக்குழாய்கள் வந்து உதட்டின் நடுவில் கைகோத்துக்கொள்கின்றன. எங்கே வெட்டுப்பட்டாலும் இரண்டு பக்கமிருந்தும் ஊற்றும். எச்சிலும் கலந்து, சட்டை நனைந்த பிறகு பார்த்தால் ஒன்றுக்கு மூன்றாகத் தெரியும். உதடு சீக்கிரம் ஆறுவதற்கும் இதே ரத்த ஓட்டம்தான் காரணம். ஆக, ரத்தம் எவ்வளவு வந்தது என்பதும் நின்றுவிட்டதா என்பதும் காயத்தின் கனத்தைச் சொல்லாது. நடை பழகும் குழந்தை குப்புற விழுந்தால், மேல் உதட்டையும் ஈறையும் நடுவில் இணைக்கும் மெல்லிய சவ்வு கிழியும். வீடே அலறும் அளவுக்கு ரத்தம் வரும். ஆனால் பெரும்பாலும் ஒரு தையல்கூட வேண்டாம், சில நாளில் கூடிவிடும். விசாரிக்க வருகிற உறவுக்காரருக்கெல்லாம் உதட்டைத் தூக்கிக் காட்டாமல் இருந்தால் சரி. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அது மறுபடி கிழிகிறது. இன்னும் தவழவே ஆரம்பிக்காத கைக்குழந்தைக்கு இந்தச் சவ்வு கிழிந்திருந்தால் மட்டும் கதை வேறு. அதை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும், எப்படி ஆனது என்று கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறான காயமும் உண்டு. உதட்டின் சிவப்பும் முகத்துத் தோலும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடுகிறதல்லவா, கண்ணாடியில் பாருங்கள். அந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டிய சின்னக் கீறல், நாலு சொட்டு ரத்தத்தோடு அடங்கிவிடலாம். ஆனால் ஆறும்போது கோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும், எதிரில் நின்று பேசுகிறவர் கண்ணில் அது படும். ஆயுளுக்கும் படும். அதனால்தான் தைக்கிறவர்கள் முதல் தையலை அந்தக் கோட்டில்தான் போடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டால் உதடு உப்பிக் கோடு மறைந்துவிடும் என்பதால், ஊசிக்கு முன்பே பேனாவால் புள்ளி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உதட்டிலேயே குத்தாமல், உதட்டுக்கு வருகிற நரம்பின் அடியில் ஊசி போடுகிறவர்களும் உண்டு. இவ்வளவு மெனக்கெடுவது தழும்பு தெரியாமல் இருக்கத்தான். "தையல் போட்டாத்தான் தழும்பு" என்பது இந்த இடத்தில் தலைகீழ்ப் பேச்சு. தையல் தடம் விழுவது பெரும்பாலும் நூல் அளவுக்கு மேல் நாள்பட்டுக் கிடந்தால்தான். முகத்தில் போட்ட தையலை ஐந்து நாள் வாக்கில் பிரித்துவிடுவார்கள். வாய்க்குள் போடுவது தானே கரைகிற நூல்.

வாயின் உள்பக்கம் மட்டும் பட்ட, வாய் பிளக்காத சின்ன வெட்டுக்குத் தையல் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடிவீட்டு அக்கா அதில் ஜெயிக்கிறார்.

காப்பித்தூளில் தோற்கிறார். என் தம்பி மகன் சைக்கிளோடு விழுந்தபோது பாட்டி ஒரு கைப்பிடித் தூளை அப்பி அழுத்தினாள். ரத்தம் நின்றது உண்மை. பிறகு ஆஸ்பத்திரியில் தைக்க ஆன நேரத்தைவிட, அந்தத் தூளைத் துளித்துளியாகக் கழுவி எடுக்க ஆன நேரம் அதிகம். பையன் அலறியதும் அதற்குத்தான். பாட்டி இன்றைக்கும் தூளின் மகிமையைப் பேசுகிறாள். ரத்தத்தை நிறுத்தியது தூளை அழுத்திய அவள் விரல் என்று சொன்னால் கோபம் வருகிறது. தூள் இல்லாமலே அதே விரல் போதும். பிள்ளையை உட்கார வைத்துத் தலையைச் சற்று முன்னால் சாயச் சொல்லுங்கள். அண்ணாந்தால் ரத்தம் வயிற்றுக்குப் போய்க் குமட்டி வாந்தி வரும். கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் அழுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் துணியை விலக்கி எட்டிப் பார்க்கக் கூடாது, கட்டிய ரத்தம் கலைந்துவிடும். நிற்காவிட்டால் இன்னொரு பத்து நிமிடம். அப்போதும் நிற்கவில்லையென்றால் அழுத்தியபடியே ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவராக இருந்தால் அந்த இரண்டாவது பத்து நிமிடத்துக்கும் காத்திருக்காதீர்கள்.

நின்ற பிறகு தண்ணீரால் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றிச் சில நிமிடங்கள் வைத்து வைத்து எடுக்கலாம். ஐஸ் வைக்கவிடாத வாண்டுக்குக் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுங்கள், வேலை முடிந்தது. சுண்ணாம்பு, தண்ணீர் கலக்காத டெட்டால் இரண்டும் புது சதையைப் பொசுக்கும். ஃபெவிக்விக் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காயம் ஒட்டும் மருத்துவப் பசை அதற்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் வேறு தயாரிப்பு. ஈரமான உள்ளுதட்டில் அதைக்கூட வைப்பதில்லை. தேன் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வாயில் படவே கூடாது.

"காலையில பார்த்துக்கலாம்" என்பது அடுத்த வாதம். முகத்துக் காயத்தை ஒரு நாள் கழித்தும் தைக்க முடியும் என்பதால் பதற வேண்டியதில்லை. ஆனாலும் முதல் ஆறு எட்டு மணி நேரத்துக்குள் போவதே நல்லது. காலைக்குள் உதடு வீங்கிக் கோடு இருந்த இடம் தெரியாமல் போகும். ஆகவே ரத்தம் நின்ற கையோடு வெளிச்சத்தில் பாருங்கள். வெட்டு கோட்டைத் தாண்டியிருக்கிறதா, கடைவாய் வரை போயிருக்கிறதா, வாய் பிளந்து நிற்கிறதா, உள்ளே பட்ட பல் வெளியே துளைத்திருக்கிறதா. பல்லையும் பாருங்கள். முனை உடைந்து துண்டு காணாமல் போயிருந்தால் அது உதட்டுச் சதைக்குள்ளேயே இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் தைத்துவிட்டால் உள்ளே கிடந்து புண்ணாகும். நிலைத்த பல் முழுசாக விழுந்திருந்தால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓட வேண்டும். பால் பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை. மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்போல் பொருந்தாவிட்டால் தாடை எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். மயக்கமோ, திரும்பத் திரும்ப வாந்தியோ இருந்தால் உதட்டை மறந்துவிட்டுத் தலையைக் கவனியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள் ஒரு புதுப் பீதி கிளம்பும். காயத்தின் மேல் வெள்ளையாக ஒரு படலம் தெரியும். சீழ் என்று நினைத்து ஈரத்துணியால் தேய்த்து எடுக்கிற அம்மாக்கள் உண்டு. வாய்க்குள் ஈரத்திலேயே இருக்கிற காயத்துக்குப் பொருக்கு அப்படித்தான் கட்டும். விட்டுவிடுங்கள். வலியும் வீக்கமும் நாளுக்கு நாள் ஏறினால், காய்ச்சல் வந்தால், துர்நாற்றம் அடித்தால்தான் சீழ். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பதும் ஊறுகாயைத் தள்ளி வைப்பதுமே போதிய பராமரிப்பு.

"எச்சில்தான் மருந்து" என்பாரும் உண்டு. எச்சிலில் புண்ணாற்றும் பொருள்கள் இருப்பது உண்மை. அது அவரவர் எச்சில். கபடி ஆட்டத்தில் இன்னொருவன் பல் குத்திக் கிழித்த உதடு அழுக்குக் காயம், டாக்டர் பார்க்க வேண்டியது. நாய் கடித்தால், ஏன், கிழிந்த உதட்டை நாய் நக்கினாலே, வெறிநாய்க்கடிக் கணக்கில் அது மிக ஆபத்தான மூன்றாம் வகை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே போக வேண்டும். தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்துவார்கள். தைப்பதற்கு அங்கே அவசரப்பட மாட்டார்கள்.

"டி.டி. போட்டாச்சே" என்று அடங்குகிறவர்களுக்கு: அந்த ஊசி ரணஜன்னியைத்தான் தடுக்கும், காயத்தை ஆற்றாது. பிள்ளைக்கு 5, 10, 16 வயதுகளில் போட வேண்டியவை போட்டிருந்தால், சுத்தமான சின்னக் காயத்துக்கு மறுபடி தேவையும் இராது, அட்டையைப் பாருங்கள். இதற்கிடையில் நம் நாட்டில் பழைய ஊசி மாறி, தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கிற புதியது வந்துவிட்டது. ஆங்கிலத்தில் பெயர் மாறியது; தமிழில் எழுதினால் அதுவும் டி.டி.தான்.

கடைசியாக, சொட்டு ரத்தமும் வராத உதட்டுக் காயம் ஒன்று இருக்கிறது. தவழும் குழந்தை மின் ஒயரைக் கடித்துவிடும். கடைவாயில் வெளிறிய சின்னத் தழும்புபோல் ஒரு பொட்டு. குழந்தை சிறிது நேரத்தில் விளையாடவும் போய்விடும். உள்ளே சதை வெந்திருக்கிறது. ஒன்று இரண்டு வாரத்தில் அந்தப் பொட்டில் கட்டும் பொருக்கு உதிரும்போது, அடியில் ஓடுகிற ரத்தக்குழாய் திடீரெனத் திறந்துகொண்டு பீறிடலாம். ஆகவே அன்றே ஆஸ்பத்திரி. திரும்பும்போது பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்து அனுப்ப வேண்டும்: ரத்தம் பீறிட்டால் கட்டைவிரலை வெளியிலும் ஆள்காட்டி விரலை உள்ளேயும் வைத்து உதட்டை இறுகப் பிடித்து, விடாமல் பிடித்தபடியே வண்டியேற வேண்டும்.