கரும்பில் விளையுது நோட்டு! பிள்ளைகளுக்குச் சொல்வது யார்?

பள்ளிக்கூடம் திறந்தால் போதும், பாரிமுனை பக்கம் நடக்க இடமிருக்காது. நோட்டுகள் டஜன் டஜனாகப் போகின்றன. பரீட்சை முடிந்ததும் அதே நோட்டுகள் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுகின்றன. பாதிப் பக்கம் வெள்ளையாகவே!

"நோட்டு எங்கிருந்துடா வருது?" என்று பையனைக் கேட்டால், "கடையில இருந்து" என்பான். அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்கு மேல் யாரும் சொல்லித் தரவில்லை.

சக்கையில் பிறந்த தாள்

கரூர் மாவட்டம் புகளூரில் தமிழக அரசு தொடங்கிய காகித ஆலை இருக்கிறது. 1984-ல் உற்பத்தி ஆரம்பித்தது. முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சாறு பிழிந்தபின் சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் போட்டு எரித்து வந்த அதே சக்கைதான்!

சக்கையை ரசாயனம் சேர்த்து வேகவைத்துக் கூழாக்குகிறார்கள். சவுக்கு, தைல மரக் கூழும் சேர்கிறது. வெளுத்த கூழைத் தண்ணீரில் கரைத்து, ஓடும் கம்பி வலை மீது பரப்புகிறார்கள். தண்ணீர் வடிந்து, உருளைகளில் நசுங்கி, சூட்டில் காய்ந்து வந்தால் காகிதம். அந்தத் தண்ணீர், காவிரித் தண்ணீர்.

"காவிரி எங்கே பிறக்கிறது?" என்றால் "குடகு" என்று டக்கென்று சொல்கிறான் மாணவன். விடை எழுதிய தாளிலேயே காவிரி இருக்கலாம் என்பது அவனுக்குத் தெரியாது.

ஒரு வாளி போதும்

இதைச் சொல்லித்தர பெரிய செலவு வேண்டாம். பழைய பேப்பரைக் கிழித்து ராத்திரி ஊறப்போட வேண்டும். காலையில் கூழாக்கி, வாளித் தண்ணீரில் கரைத்து, கொசுவலை கட்டிய மரச்சட்டத்தால் அள்ள வேண்டும். துணியில் கவிழ்த்து வெயிலில் வைத்தால் சொரசொரப்பாக ஒரு தாள் வரும். ஒரே ஒரு தாள்! அதற்கு இத்தனை பாடுபட்ட பையன், வெள்ளைத் தாளைக் கிழித்து ராக்கெட் விடுவானா?

"பாடம் முடிக்கவே நேரமில்லை" என்பார்கள் வாத்தியார்கள். நியாயம்தான். ஆனால் கைத்தொழில் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது ஊரறிந்த ரகசியம். அதில் ஆண்டுக்கு இரண்டே இரண்டைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

பெற்றோர்களும் நோட்டை எடைக்குப் போடுமுன் வெள்ளைத் தாள்களைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டு ரஃப் நோட்டு ரெடி.

காசு கொடுத்தது அப்பா. விளைந்தது வயலில், நனைந்தது ஆற்றில். இதைத் தெரியாமல் ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வரலாமா? கல்வித்துறை கவனிக்குமா?