கருப்பர் வாசலும் கோர்ட் வாசலும்

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சிலை கிடையாது. சந்தனம் பூசிய மூடிய கதவுதான் சாமி. அந்த வாசலில் நின்று பொய்ச் சத்தியம் செய்ய மதுரைப் பக்கம் யாருக்கும் துணிச்சல் வராது என்பார்கள். கொடுக்கல் வாங்கல் தகராறெல்லாம் அங்கே போய்த் தீர்ந்ததுண்டு.

வெள்ளைக்காரன் சட்டமே இதற்கு இடம் கொடுத்திருந்தது. 'எதிராளி இன்ன சாமி முன்னால் சத்தியம் செய்யட்டும், அவர் சொல்வதற்கு நான் கட்டுப்படுகிறேன்' என்று கோர்ட்டில் சொல்ல 1873-ம் வருடச் சட்டம் அனுமதித்தது. எதிராளி சம்மதித்துச் சத்தியம் செய்துவிட்டால் அதுதான் முடிவான சாட்சியம். 1969-ல் வந்த புதிய சட்டம் அந்த ஏற்பாட்டைத் தூக்கிவிட்டது.

நம் மண்டையிலிருந்துதான் அதை இன்னும் தூக்கவில்லை!

அழகர்கோவில் ரோட்டில் மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று வீடுகளாக எழும்பிக்கொண்டே போகின்றன. எத்தனை வீட்டுக்கு ஒழுங்கான ஒப்பந்தப் பத்திரம் இருக்கும்? சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு. மீதியெல்லாம், "என்ன சார், நம்பிக்கை இல்லையா?" மிக்ஸி வாங்கினால் வாரன்டி கார்டு கேட்கிறோம். ஆயுள் சம்பாத்தியத்தைக் கொட்டுகிற இடத்தில் எழுதிக் கேட்கக் கூச்சம்!

காங்கிரீட் போட்ட பிறகு வினை ஆரம்பிக்கும். என்ன கம்பி, எந்த சிமென்ட், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எப்போது சாவி? எதுவும் எழுத்தில் இல்லை. கான்ட்ராக்டர் மட்டும்தான் வில்லன் என்று நினைக்காதீர்கள். "இங்க ஒரு ஜன்னல், அங்க ஒரு பரண்" என்று வாயால் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் எக்ஸ்ட்ரா வேலைக்குக் காசு கேட்டால் "நானா சொன்னேன்?" என்கிற வீட்டுக்காரர்களும் உண்டு. கூலி கொடுக்க வட்டிக்கு வாங்கிய மேஸ்திரியிடம்தான் அவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

அப்புறம் என்ன, "கேஸ் போட்டுடலாம்!" வாய்வார்த்தை ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும்தான். ஆனால் நிரூபிக்க வேண்டுமே? நீதிபதி கருப்பர் இல்லை. அவருக்குக் காகிதம் வேண்டும்.

பத்திரம் எழுதும் பெரிய கம்பெனிகளே சிக்கிக்கொள்கின்றன. கொச்சியில் பாலமும் ரோடும் போடும் வேலையை எடுத்த ஆஃப்கான்ஸ் நிறுவனம், 2001-ல் அதில் ஒரு பகுதியை செரியன் வர்க்கி நிறுவனத்துக்கு சப் கான்ட்ராக்ட் கொடுத்தது. பணத் தகராறு வந்தது. நடுவரிடம் போவதாக ஒப்பந்தத்தில் ஷரத்து இல்லை. ஆனாலும் கீழ்க்கோர்ட் நடுவரிடம் அனுப்பியது, ஹைகோர்ட் சரி என்றது. இரண்டு தரப்பும் சம்மதிக்காமல் அனுப்பக்கூடாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒப்பந்தம் போட்டு ஒன்பது வருஷம். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கேள்விக்கு சுப்ரீம் கோர்ட்டில் வேலையே வரவில்லை!

ஆனால் அதே தீர்ப்பில் நமக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஒப்பந்தத் தகராறுகள், பில்டர் - வாடிக்கையாளர் சண்டைகள் எல்லாம் சமரசத்துக்கு ஏற்றவை. அதற்கு அனுப்ப யார் சம்மதமும் தேவையில்லை, நீதிபதியே அனுப்பலாம். வழக்கை வெளியிலேயே பேசி முடித்துக்கொண்டாலும் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2021-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இவ்வளவு இருந்தும் போவதில்லை. "சமரசத்துக்குப் போனா தோத்துட்டேன்னு ஊர் சொல்லுமே!" பாதி எழும்பிய சுவரில் செடி முளைத்தாலும் பரவாயில்லை, வீறாப்பு முக்கியம்.

வழக்குத்தான் போடுவேன் என்கிறவர்கள், விரிசலைப் பூசி மறைக்கும் முன்னால் கோர்ட்டில் மனுப் போட்டு, வக்கீல் கமிஷனரையும் இன்ஜினீயரையும் வரவழைத்து அளந்து எழுத வையுங்கள். பூசிய பிறகு, அந்தச் சுவரில் விரிசல் இருந்தது என்று கருப்பர் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை.