வாங்காத கடனுக்குக் கெட்ட பெயர்

மேலூர்ப் பக்கத்தில் கருப்பையா என்று ஒரு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் நிலம். பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனம். செப்டம்பர் மாதம் தண்ணீர் திறந்துவிட்டால் நாற்றுப் பாவ வேண்டும். உழவுக்கும் உரத்துக்கும் பணம் வேண்டி பாங்கிக்குப் போகிறார். மானேஜர் மரியாதையாக உட்காரச் சொல்கிறார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிறார். முகம் மாறுகிறது.

"ஐயா, உங்க பேர்ல 38 ஆயிரம் பாக்கி நிக்குதே. சிபில் ரொம்பக் குறைச்சல்."

"யாருக்குப் பாக்கி, சார்? நான் வாங்கின நகைக் கடனை எல்லாம் அடைச்சு ரசீதே வச்சிருக்கேனே."

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. இதுல இப்படித்தான் காட்டுது."

கருப்பையா நாம் உதாரணத்துக்குச் சொன்ன ஆள். ஆனால் இது கீழமாசி வீதிக் கடைக்காரருக்கும் நேரலாம். உசிலம்பட்டி மகளிர் குழு அம்மாளுக்கும் நேரலாம். தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கப் போன கல்லூரித் தம்பிக்கும் நேரலாம். செய்யாத குற்றத்துக்கு கம்ப்யூட்டர் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழி தெரியாமல் ஆள் வீடு திரும்புகிறார்.

வழி இருக்கிறது. 2005-ம் ஆண்டிலேயே பாராளுமன்றம் சட்டம் செய்துவிட்டது. அந்தச் சட்டம் பாங்கி வாசலைத் தாண்டிக் கருப்பையாவின் காதுக்கு வரவில்லை என்பதுதான் நம்முடைய புகார்.

யார் இந்த சிபில்?

முன்பெல்லாம் கடன் கணக்கு மண்டிக்காரரின் சிட்டையில் இருந்தது. தவறாக எழுதிவிட்டால் நேரே போய், "அண்ணாச்சி, போன வெள்ளிக்கிழமை கொடுத்துட்டேனே!" என்று கேட்கலாம். அவரும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் புரட்டுவார். அரைமணி நேரத்தில் பைசலாகிவிடும்.

இப்போது அந்தச் சிட்டை பம்பாயில் இருக்கிறது.

சிபில் என்பது சர்க்கார் இலாகா என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. 2000-ம் ஆண்டில் தொடங்கிய கம்பெனி அது. இன்று டிரான்ஸ்யூனியன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருக்கிறது. இதே தொழிலில் எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் உண்டு. நாலுக்கும் ரிசர்வ் பாங்கியின் அனுமதிச் சீட்டு இருக்கிறது. ஜனங்கள் நாலையும் சேர்த்து சிபில் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

யார் எவ்வளவு வாங்கினார், எந்தத் தவணையை எத்தனை நாள் தள்ளிக் கட்டினார் என்று பாங்கிகள் இந்த நாலு கம்பெனிகளுக்கும் எழுதி அனுப்புகின்றன. அதை வைத்து 300 முதல் 900 வரை மார்க் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்தால் பரீட்சைத் தாளையாவது பார்க்கலாம்!

கம்பெனி தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. பாங்கி எழுதிக் கொடுத்ததைத்தான் வைத்திருக்கிறது. ஆகவே தவறு பெரும்பாலும் பாங்கியில் பிறக்கிறது. பிறந்த பிறகு நாலு வீட்டில் வளருகிறது. கேட்டால், "பாங்கி அப்படிக் கொடுத்தது" என்று கம்பெனி சொல்கிறது. "கம்பெனியில் அப்படி இருக்கிறது" என்று பாங்கி சொல்கிறது.

ஊருக்கு எத்தனை பாண்டி?

தவறு எப்படி வருகிறது? அடைத்த கடனை அடைக்காததாகவே விட்டுவிடுவது ஒன்று. கேட்காத கிரெடிட் கார்டுக்கு வருஷ சந்தா போட்டு, அதைக் கட்டவில்லை என்று எழுதுவது இன்னொன்று. யாரோ ஒருவர் நம் பான் எண்ணைத் திருடிக் கடன் வாங்கிவிடுவதும் உண்டு. 2022 பிப்ரவரியில் இந்தி நடிகை சன்னி லியோனே, தம் பான் எண்ணில் யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகப் புகார் சொன்னார். நடிகை சொன்னதும் நாடு முழுவதும் கேட்டது. கருப்பையா சொன்னால் யார் கேட்பது?

எல்லாவற்றிலும் நமக்கே உரிய தொல்லை பெயர்த் தொல்லைதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல். பாரத்திலோ 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று கேட்கிறார்கள். ஒரு பாங்கி இனிஷியலை முன்னால் போடுகிறது. இன்னொன்று பின்னால் போடுகிறது. மூன்றாவது பாங்கி தகப்பனார் பெயரையே ஆளின் பெயராக்கிவிடுகிறது. மதுரை ஜில்லாவில் எம். பாண்டி எத்தனை பேர்! எஸ். மீனாட்சி எத்தனை பேர்! பிறந்த தேதியும் ஊரும் ஒத்துப்போய்விட்டால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறிவிடும்.

விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பால் எரிந்த ஊர் இது. கோவலன் கையில் இருந்தது யாருடைய சிலம்பு என்று அரசன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொற்கொல்லன் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டான். மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடனோடு நிற்கவில்லை

கடன் கிடைக்காவிட்டால் போகட்டும் என்று இருந்துவிடலாமா? முடியாது. ஸ்டேட் பாங்கி ஒரு வாலிபருக்கு அதிகாரி வேலைக்கு உத்தரவு கொடுத்தது. பிறகு அவருடைய சிபில் பதிவு சரியில்லை என்று உத்தரவை ரத்து செய்தது. வாங்கிய கடனை எல்லாம் கட்டிவிட்டதாக அவர் வாதாடினார். ரத்து செய்தது செல்லும் என்று 2025 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொதுஜனங்களின் பணத்தைக் கையாளுகிறவருக்குப் பண ஒழுக்கம் வேண்டும் என்பது கோர்ட்டின் கருத்து. அது நியாயமாகவே இருக்கட்டும். பதிவுக்கு அவ்வளவு கனம் உண்டானால், பதிவு சரியாக இருக்க வேண்டிய அவசியமும் அவ்வளவு உண்டல்லவா?

கேரள ஐகோர்ட்டு 2023 மே மாதத்தில் வேறு ஒரு வழக்கில், சிபில் மார்க் குறைவு என்பதற்காக மட்டும் மாணவனின் படிப்புக் கடனை மறுக்கக்கூடாது என்றது. நம் பக்கத்து சிவகங்கைத் தொகுதி எம்.பி. கார்த்தி சிதம்பரம் 2024 டிசம்பரில் மக்களவையில் இதே பேச்சை எடுத்தார். மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, தவறானால் முறையிட வழியில்லை என்றார். 2025-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடனுக்கும் சிபில் பார்ப்பார்கள் என்று செய்தி வந்தபோது தமிழ்நாட்டு விவசாயிகள் சங்கங்கள் கொதித்து எழுந்தன. கட்சி பேதம் இல்லாத கோபம் இது.

பேப்பரைக் கேளுங்கள்

இனி, கருப்பையா என்ன செய்ய வேண்டும்?

முதலில், மானேஜர் எதைப் பார்த்து மறுத்தாரோ அந்த அறிக்கையின் நகலைக் கேட்க வேண்டும். 2005-ம் வருஷச் சட்டத்தின் 21-வது பிரிவு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. கடனுக்கு மனுச் செய்தவர் கேட்டால் பாங்கி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்கலாம். "காட்ட முடியாது" என்று சொல்ல முடியாது. இதுதவிர, ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்று 2017 முதல் ரிசர்வ் பாங்கியின் உத்தரவு இருக்கிறது. (இதை எழுதுவதற்காக நாமும் நம் அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். காலேஜ் ஹாஸ்டல் விலாசம் இன்னும் அதில் இருக்கிறது. நல்லவேளையாக ஹாஸ்டல் பாக்கி இல்லை!)

தவறைக் கண்டால் எழுத்து மூலம் பாங்கிக்கும் கம்பெனிக்கும் மனுக் கொடுக்க வேண்டும். ரசீது, 'பாக்கி இல்லை' என்ற சர்டிபிகேட் ஆகியவற்றின் நகலை இணைக்க வேண்டும். மனு கொடுத்த தேதியும் எண்ணும் கையில் இருக்க வேண்டும். ஏனென்றால் அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பிக்கிறது. 30 நாளில் திருத்த வேண்டும் என்பது சட்டம். அதில் பாங்கிக்கு 21 நாள். மிச்சம் கம்பெனிக்கு. தவறினால் 31-வது நாளிலிருந்து ஒவ்வொரு நாளைக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. யாரால் தாமதமோ அவர் கொடுக்க வேண்டும். ரிசர்வ் பாங்கி 2023 அக்டோபரில் போட்ட இந்த உத்தரவு 2024 ஏப்ரல் 26 முதல் அமலில் இருக்கிறது. ஆனால் மார்க்கை ஏன் குறைவாகப் போட்டாய் என்ற சண்டைக்கு இந்த 100 ரூபாய் கிடையாது. தகவல் பிசகுக்கு மட்டும்தான்.

அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் பாங்கி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். பாங்கிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி அவர். 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற கம்பெனிகளும் அவர் விசாரணைக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை. 14448 என்ற டெலிபோன் எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம். 2021-ல் இந்தத் திட்டத்தை வகுத்தபோது நஷ்டத்துக்கு 20 லட்ச ரூபாய் வரையிலும், அலைச்சலுக்கும் மன வேதனைக்கும் 1 லட்சம் வரையிலும் கொடுக்கச் சொல்லலாம் என்று வைத்தார்கள். இன்னொரு விசேஷம்: வக்கீல் மூலம் மனுப் போடக் கூடாது என்றும் அதில் எழுதினார்கள். படித்த மருமகனோ தங்கை மகனோ எழுதிக் கொடுத்தால் போதும்.

அடுத்தது நுகர்வோர் கோர்ட்டு. 2019-ம் வருஷச் சட்டப்படி, பாங்கியின் தலைமை ஆபீசு எங்கே இருந்தாலும், குடியிருக்கிற ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். கருப்பையா பம்பாய்க்குப் போக வேண்டாம். மதுரைக்கு வந்தால் போதும். வக்கீல் இல்லாமல் தானே பேசலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒரே சமயத்தில் ஆம்புட்ஸ்மனிடமும் கோர்ட்டிலும் ஏறினால் காரியம் கெடும். கோர்ட்டில் இருக்கும் விஷயத்தை ஆம்புட்ஸ்மன் தொடமாட்டார். அந்த 100 ரூபாய்க்கும் அப்போது வழியில்லை. ஆகவே வரிசைப்படி போவதுதான் புத்திசாலித்தனம்.

எழுதத் தெரியாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மதுரையில் ஜில்லா சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. தாலுகாக்களில் குழுக்கள் இருக்கின்றன. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மகளிர் குழுக் கடனில் பெயர் கெட்ட ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி! டெலிபோன் எண் 15100.

இதற்கிடையே, "மார்க்கை ஏற்றித் தருகிறோம், 5,000 கொடு" என்று செல்போனில் அழைக்கும் புரோக்கர்களிடம் ஏமாற வேண்டாம். தவறான பதிவைத் திருத்தப் பணம் வேண்டாம். உண்மையான பாக்கியை எந்தப் புரோக்கராலும் அழிக்க முடியாது.

பயங்கரவாதியான கார் வாடிக்கையாளர்

அமெரிக்காவில் 1970-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே மட்டும் தவறே நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. 2011-ல் கலிபோர்னியாவில் ஒருவர் மனைவியோடும் மாமனாரோடும் கார் வாங்கப் போனார். அறிக்கையைப் பார்த்த கடைக்காரர், "உங்களுக்கு விற்க முடியாது. நீங்கள் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்றார்! பெயர் ஒற்றுமைதான் காரணம். அன்று காரை மனைவி பெயரில் வாங்கினார்கள். அறிக்கை கொடுத்த கம்பெனி, சிபிலை வைத்திருக்கும் அதே டிரான்ஸ்யூனியன்.

அவர் தம்மைப் போன்ற 8,185 பேருக்காக வழக்குப் போட்டார். 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு, யாருடைய அறிக்கை வெளியார் கைக்குப் போனதோ அந்த 1,853 பேருக்கு மட்டும் வழக்காட உரிமை உண்டு என்று குறைத்துவிட்டது. ஆனாலும் அந்த நாட்டுச் சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. அறிக்கையைப் பார்த்து ஒருவருக்குக் கடன் மறுத்தால், எந்தக் கம்பெனியின் அறிக்கை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அதை இலவசமாக வாங்கிப் பார்க்கலாம். இது ஒன்று. வழக்கில் ஜெயித்தால் வக்கீல் பீசைத் தோற்ற கம்பெனி கொடுக்க வேண்டும். இது இன்னொன்று. அதனால் அங்கே ஏழைக்கும் வக்கீல் கிடைக்கிறார்.

செப்டம்பர் தண்ணீர்

நம் நாட்டில் 21-வது பிரிவுப்படி கேட்டால் நகல் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுப்பது? மறுக்கும்போதே, "இன்ன பாங்கி, இன்ன தேதி, இவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கிறது, தவறானால் இன்ன இடத்தில் புகார் செய்யலாம்" என்று தமிழில் ஒரு சீட்டுக் கொடுக்க பாங்கிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டால் நடக்கிற காரியம். கிராமங்களில் முகாம் நடத்தும் சட்டப் பணிக் குழுக்கள், பட்டா, ஜீவனாம்சம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் மாதம் ஒரு நாள் போதும்.

நாள் கணக்கையும் யோசிக்க வேண்டும். கருப்பையா செப்டம்பர் முதல் தேதி மனுக் கொடுக்கிறார். சட்டப்படி மாதக் கடைசிவரை அவர்களுக்கு அவகாசம். அதற்குள் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். பக்கத்து வயலில் நாற்று முளைத்துவிடும். இவர் நாலு வட்டிக்குக் கைமாற்று வாங்குவார். அல்லது நிலத்தைத் தரிசு போடுவார். அக்டோபரில் வருகிற 100 ரூபாய் எதற்குக் காணும்?

புகார் கொடுத்த உடனே அந்தப் பதிவின்மேல் 'தகராறில் உள்ளது' என்று குறிக்கும் பழக்கம் சிபிலில் இப்போதே இருக்கிறது. அந்தக் குறிப்பு இருக்கும்வரை, அந்த ஒரு பதிவைக் காரணம் காட்டிக் கடனையோ வேலையையோ மறுக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கட்டும். ரசீது கருப்பையாவின் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதை வாங்கிப் பார்க்க யாராவது முன்வர வேண்டியதுதான் பாக்கி.