ராகுவும் ரயிலும்

திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம். மும்பையில் தாராவி முதல் டோம்பிவிலி வரை, நாள்காட்டியைப் பார்த்த பின்னரே வாசற்படி தாண்டும் தமிழ் இல்லங்கள் இன்றும் உண்டு. தாண்டியபின் நாம் செய்வது யாது? ராகுவை முந்தும் அவசரத்தில் மேம்பாலத்தை விடுத்துத் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கிறோம். நகரத் தொடங்கிவிட்ட வண்டியின் கம்பியைத் தாவிப் பிடிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத கோளுக்கு அஞ்சும் நாம், கண்ணெதிரே வரும் இரும்புக்கு அஞ்சுவதில்லை!

அக்கணக்கேனும் சரியா? பகற்பொழுதை எட்டாகப் பகுத்தால் இரண்டாம் கூறு திங்கட்கிழமை ராகுவுக்குரியது என்பது பஞ்சாங்க முறை. கதிரவன் ஆறு மணிக்கு எழுவதாகக் கொண்டதால் வந்தது 7.30. மும்பையிலோ சனவரித் திங்களில் கதிரவன் எழவே ஏறத்தாழ ஏழேகால் ஆகிறது. அம்முறைப்படியே பார்த்தாலும் ராகு காலம் தொடங்குவது 8.40 அளவில், முடிவது பத்துக்கு மேல். ஒன்பது அடிக்கட்டும் என்று காத்திருந்து புறப்படும் பெரியவர் ராகுவின் மடியிலேயே சென்று அமர்கிறார். இத்தனை ஆண்டுகளாகியும் ராகு இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நல்ல நாளும் காப்பதில்லை. 2017 செப்டம்பர் 29 ஆயுதபூசைத் திருநாள். ஊர்திகளுக்கெல்லாம் மாலை சூட்டும் நாள். அன்று காலை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய படிக்கட்டில் மழைக்கூட்டம் நெரிந்து 23 பேர் மாண்டனர். படிக்கட்டின் அகலத்தைத் திருநாள் ஓர் அங்குலமும் கூட்டித் தரவில்லை.

இவற்றையேனும் நகைத்து விட்டுவிடலாம். 'விதி' என்னும் சொல்லை அவ்வாறு விட இயலாது. 2024ஆம் ஆண்டில் மட்டும் மும்பைப் புறநகர் இருப்புப்பாதைகளில் 2,400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதையைக் கடக்கையில் அடிபட்டோரும் ஓடும் வண்டியினின்று விழுந்தோருமே இவர்களுள் மிகப் பலர். இழவு வீட்டில் கூடிய நாம், "அவன் விதி அவ்வளவுதான்" என்று கூறிக் கலைகிறோம். கேட்க வேண்டிய கேள்விகளை இச்சொல் மூடிவிடுகிறது. கூடுதல் வண்டி ஏன் இல்லை, கதவு ஏன் மூடவில்லை என்று எவரும் கேட்பதில்லை. பொறுப்புடையோர் நிம்மதியாக உறங்குகின்றனர்.

சட்டமோ விதியை ஏற்பதில்லை. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 124-அ பிரிவின்படி, முறையான பயணி ஓடும் வண்டியினின்று தவறி விழுந்து இறந்தால், நிர்வாகத்தின் தவற்றை மெய்ப்பிக்காமலே குடும்பத்தார் இழப்பீடு கோரலாம். 2017 முதல் அத்தொகை 8 லட்சம் ரூபாய். தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சடலத்திடம் பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்பதாலேயே கோரிக்கையைத் தள்ளலாகாது என 2018இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

பதினாறாம் நாள் சடங்குக்கு நல்ல நேரம் பார்க்கத் தவறாத நாம், அந்த ஓராண்டு என்று முடிகிறது என அதே நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோமா? இறந்தவர் சட்டைப்பையிலிருந்த பருவச்சீட்டைத் தேடி எடுத்து வைத்தவர்தாம் நம்மில் எத்தனை பேர்?