வியர்க்கும் கைகளும் ஊசி மருந்தும்



மார்கழிப் பனி கெலவரப்பள்ளி அணைமீது இறங்கும் காலையில் போர்வையை விட்டு எழ எவருக்கும் மனம் வராது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூர் வட்டாரத்தின் குளிர் அத்தகையது. அக்குளிரிலும் சிலருடைய உள்ளங்கைகள் நீர் சொட்ட நனைகின்றன. மாணவனின் தேர்வுத்தாள் ஈரமாகின்றது. தொழிலாளி தொட்ட இரும்புப் பாகத்தில் வியர்வையின் உப்புப் படிந்து துரு ஏறுகின்றது. இதன் பொருட்டுக் கிடைத்த வேலையையே விட்டுவிட எண்ணும் இளைஞரும், பெண் பார்க்க வந்தோர்முன் கைகளை முந்தானையில் மறைக்கும் பெண்ணும் நம்மிடையே உண்டு.

'உடற்சூடு' என்றும் 'கோழைத்தனம்' என்றும் வீட்டார் கூறிவிடுவர். இரண்டும் சரியல்ல. வெயிலில் உழைப்பவனுக்கு வியர்ப்பது உடலைக் குளிர்விக்கும் ஏற்பாடு. நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்னும் பொருள் சுரந்து, வியர்வைச் சுரப்பியைத் தூண்டுகின்றது. சிலருக்கோ, தேவையில்லாத வேளையிலும் அத்தூண்டுதல் மிகுதியாய் எழுகின்றது. பெரும்பாலும் சிறுவயதிலோ வாலிபத்திலோ தொடங்கும் இந்நிலை, குடும்ப வழியாகவும் வருவதுண்டு. இது நோய், குற்றமன்று.

இதற்குப் 'போடாக்ஸ்' ஊசி போடலாமா என்று பெற்றோர் சிலர் நம்மை வினவுகின்றனர். அதன் வரலாறு வியப்புக்குரியது. 1820-களில் யுஸ்டினுஸ் கெர்னர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், கெட்டுப்போன இறைச்சிப் பண்டத்தை உண்டு நஞ்சேறியவர்களை ஆராய்ந்தார். அந்நஞ்சு உடலின் சுரப்புகளை வறளச் செய்வதைக் கண்டு, அதுவே மருந்தாகலாம் எனவும் எண்ணினார். 1895-இல் பெல்ஜியத்தில் வான் எர்மெங்கெம் அந்நஞ்சை உண்டாக்கும் கிருமியைக் கண்டறிந்தார். பூச்சு மருந்துக்கு அடங்காத அக்குள் வியர்வைக்கு இவ்வூசியைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2004-இல் இசைவளித்தது. மிகச் சிறு அளவில் தோலினுள் பல இடங்களில் செலுத்தப்படும் மருந்து, அசிட்டைல்கோலின் வெளிவருவதைத் தடுக்கின்றது. சில நாள்களில் வியர்வை குறையும். ஆயினும் பயன் நிலையானதன்று. பலருக்கு ஆறேழு மாதங்களில் மீண்டும் போடவேண்டி வரும்.

அக்குளைவிட உள்ளங்கையில் ஊசியின் வலி மிகுதி. அன்றியும், விரல்களின் பிடி சில காலம் தளரக்கூடும். சிறு பாகங்களைப் பொருத்திப் பிழைக்கும் தொழிலாளிக்கு இது சிறிய செய்தியன்று. தன் வேலை யாது என்பதை அவர் மருத்துவரிடம் முன்னரே சொல்லுதல் வேண்டும். கருவுற்றோரும், தசைத்தளர்ச்சி நோயுடையோரும் அதனை மறைக்கலாகாது.

ஆகவே, ஊசி முதற்படியன்று. முதலில் அரசு மருத்துவமனையிலேனும் தோல் மருத்துவரைக் காணுங்கள். நடுவயதில் புதிதாய்த் தொடங்கிய வியர்வை, இரவில் உடலெங்கும் பெருகும் வியர்வை, அதனுடன் காய்ச்சல் அல்லது எடைக்குறைவு இருப்பின், காசநோயோ தைராய்டுக் கோளாறோ பிறிதொன்றோ உள்ளதா என ஆராய்தல் அவசியம். அவ்வாறு ஏதுமில்லையெனில், இரவில் உலர்ந்த தோலில் பூசும் அலுமினியம் குளோரைடு மருந்து உண்டு. நீர்த்தட்டில் கைகளை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையும் உண்டு. இவை பயன்தராவிடில் ஊசியைப் பற்றி எண்ணலாம். மார்பினுள் நரம்பைத் துண்டிக்கும் அறுவையோ இறுதிப்படி; அதன்பின் முதுகிலும் வயிற்றிலும் வியர்வை பெருகித் துன்புறுவோர் பலர்.

விளம்பரத்தைக் கண்டு பெங்களூர் அழகு நிலையத்திற்கு ஓடாதீர்கள். தேர்ந்த மருத்துவர் கையாலன்றி இவ்வூசியை ஏற்காதீர்கள். சில மாதப் பயனுக்காக வட்டிக்குக் கடன் வாங்குவதும் அறிவுடைமையன்று.

பெற்றோர்களே, பிள்ளையின் ஈரக்கையைக் கண்டு நகைக்காதீர்கள். பலர் ஆண்டுக்கணக்கில் மருத்துவரை நாடாதிருப்பது நாணத்தினாலேயே. அந்நாணத்தைப் போக்கும் முதல் மருந்து, வீட்டாரின் பரிவான ஒரு சொல்லே.