பெயரில்லாக் கல் நடுகல் ஆகுமா?

பெங்களூரில் பிரிகேடு சாலையும் ரெசிடென்சி சாலையும் கூடும் இடத்தில் உயர்ந்த கற்றூண் ஒன்று நிற்கின்றது. ஆடையகங்களின் விளக்கொளிக்கும் ஊர்திகளின் இரைச்சலுக்கும் நடுவே அது வாய்மூடி நிற்கின்றது. நாள்தோறும் எண்ணற்றோர் அதனைக் கடந்து செல்கின்றனர். நம் சங்க மேடையில் நடுகல் வழிபாட்டைப் பற்றி நயம்பட உரையாற்றிவிட்டு வீடு திரும்பும் புலவர்களும் அவருள் உளர். யாமும் அவருள் ஒருவராய்ப் பல்லாண்டு கடந்து சென்றிருக்கின்றோம். நாணத்தோடு இதனை ஒப்புக்கொண்ட பின்னரே இக்கட்டுரையைத் தொடங்க எமக்கு உரிமை உண்டு.

அத்தூண் மதராஸ் பயோனியர் படையினரின் நினைவாக எழுப்பப்பெற்றது. சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும் பிறரும் சேர்ந்த படை அது. போரிடுவதோடு பாதை வெட்டுதலும் அகழி தோண்டுதலும் அவர்தம் கடமை. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கரையில் இறங்கிய படைகளுள் 61ஆம் பயோனியர் படையும் ஒன்று. 1933இல் மதராஸ் பயோனியர் படை கலைக்கப்பட்டது. படை போயிற்று, தூண் நிற்கின்றது. அதன் அடியில் நின்று, ‘இது யாருக்காக?’ என்று கேட்கும் தமிழன் எத்தனை பேர்?

‘இறந்தவரை மறப்பது உலக இயல்பு, இதற்கு இத்துணைச் சினம் ஏன்?’ என்று சிலர் வினவக்கூடும். மறதி எல்லார்க்கும் பொது என்பது உண்மையே. ஆனால் மறவாமைக்கு இலக்கணம் வகுத்த இனம் என்று மேடைதோறும் மார்தட்டுபவர் நாம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல்லுக்குத் தொல்காப்பியம் துறை வகுத்ததை மாணவர்க்குப் பாடமாக்குபவர் நாம். அவ்வாறு பெருமை பேசும் வாய்க்குப் பொறுப்பும் உண்டன்றோ?

நடுகல்லின் உயிர் எதில் உள்ளது என்று எண்ணிப் பார்ப்போம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பெற்ற தமிழி எழுத்துக் கல், ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனைக் குறிக்கின்றது. அவன் மன்னன் அல்லன். குறுநிலத் தலைவன் என்பதற்கும் சான்றில்லை. எனினும் தீயன் அந்தவன் என்ற அவன் பெயர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அழியாது நின்று நம் கைக்கு வந்து சேர்ந்தது. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. வீரனோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அக்கல் போற்றுகின்றது. அந்நாயின் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டுச் சிற்றூரார் ஒரு நாயின் பெயரையும் விட்டுவிட மனம் கொள்ளவில்லை.

இப்பண்பு தமிழர்க்கு மட்டும் உரியதென்று யாம் சொல்லோம். நாம் வாழும் கன்னட மண் இதில் நமக்கு உடன்பிறப்பு. மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணரப்பெற்ற பத்தாம் நூற்றாண்டு வீரக்கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இராசாதித்த சோழன் வீழ்ந்த தக்கோலப் போரைக் கூறும் அக்கல், காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டைநாய்க்காக நாட்டப்பெற்றது. அக்கல்லுக்கு வழிபாடு நடக்க நிலமும் விடப்பெற்றது. சோழப் பெருநாட்டின் இளவரசன் மாண்ட செய்தியும் ஒரு நாய் மாண்ட செய்தியும் ஒரே கல்லில் இடம்பெற்றன. இரண்டுக்கும் பெயர் உண்டு.

இனி, முதல் உலகப் போரில் மாண்ட நம்மவர்க்கு நாகரிகம் மிக்கதெனத் தன்னைச் சொல்லிக்கொண்ட பேரரசு செய்த சிறப்பினைக் காண்போம். 1917இல் தோன்றிய பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம், மாண்டோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே பெயர் பொறிக்கப்படும். பதவி, இனம், சமயம் என்ற வேற்றுமை பாராட்டப்படமாட்டாது என்று கொள்கை வகுத்தது. நற்கொள்கைதான். ஆனால் மெசபடோமியப் போரில் மாண்டவர்க்காக 1929இல் திறக்கப்பெற்ற பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் அக்கொள்கை என்னவாயிற்று? ஆங்கிலேயப் படைவீரர்க்குப் பெயர் இருந்தது. இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் இருந்தது. பல்லாயிரக்கணக்கான இந்தியப் பொதுவீரர்க்கோ பெயர் இல்லை. இன்ன படையில் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே பொறிக்கப்பெற்றது.

நம் சிற்றூர்களிலும் அதே கதைதான். பஞ்சாபிலும் தமிழகத்திலும் சில ஊர்களில் அக்காலத்துக் கற்பலகைகளை இன்றும் காணலாம். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். ஊர்தோறும் எண் மாறும், வாசகம் மாறாது. வரி வாங்கும் கணக்கேட்டுக்கும் அக்கல்லுக்கும் என்ன வேற்றுமை? பத்துப் பேர் சென்றனர், இருவர் மாண்டனர் என்றால் அந்த இருவர் யார்? எந்தத் தெருவினர்? யாருடைய மகன்? நாயின் பெயரைக் கேட்டு எழுதிய மண்ணில் மனிதனின் பெயரைக் கேளாமல் கல் நட்டனர். பெயரில்லாக் கல் எல்லைக்கல் ஆகலாம், மைல்கல் ஆகலாம், நடுகல் ஆகாது.

இதனை மிகைக்கூற்று என எண்ண வேண்டா. 2021 ஏப்ரலில் அவ்வாணையத்தின் வழிவந்த காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே இதனை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் பெரும்பான்மையராக உள்ள 45,000 முதல் 54,000 பேர்க்குச் சமமற்ற முறையில் நினைவு செய்யப்பட்டது என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைக்கப்படவே இல்லை அல்லது அறவே நினைக்கப்படவில்லை என்றும் அதன் அறிக்கை கூறியது. நூறாண்டு கழித்தேனும் அவர்கள் நாணினர். நாம் எப்பொழுது நாணப் போகின்றோம்?

எம் கருத்தை மறுப்போர் கூறும் காரணங்கள் மூன்று. முதலாவது: ‘அவர்கள் கூலிக்குப் போரிட்டவர்கள், நம்மை அடிமைப்படுத்திய அரசுக்காக மாண்டவர்கள், அவர்களை ஏன் போற்ற வேண்டும்?’ என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டென்பதை யாம் மறைக்கவில்லை. எந்தப் பேரரசுக்காக அவர்கள் உயிர் விட்டனரோ, அதுவே 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்கில் நம் மக்களைச் சுட்டு வீழ்த்தியது. ஆயினும் நம் முன்னோர் நடுகல் நட்டபோது போரின் நியாயத்தை நிறுத்துப் பார்த்தா நட்டனர்? நிரை கவர்ந்த வெட்சியார்க்கும் கல் உண்டு. நிரை மீட்ட கரந்தையார்க்கும் கல் உண்டு. போரைத் தொடங்கிய வேந்தனின் பிழை வேறு. வீழ்ந்தவன் வீட்டின் இழப்பு வேறு. பேரரசு அவனை எண்ணாக்கியது. அப்பேரரசை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டு அவன் பெயரை நாமும் கேளாது விடுவோமாயின், அது விட்டுச்சென்ற வேலையை நாமே முடித்து வைப்பவர் ஆவோம்.

இரண்டாவது: ‘பல்லாயிரவர் பெயரை யார் எழுதுவது? பெயரறியா வீரன் என்று ஒரு கல் போதாதா?’ என்பது. உடல் சிதைந்து அடையாளம் காண இயலாதவனுக்கு உலகம் கண்ட வழி அது. 1920இல் இலண்டனிலும் பாரிசிலும் அத்தகைய கல்லறைகள் அமைந்தன. நம்மவர் நிலை அதுவன்று. இவர்களுக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தது. கல்லில் எழுதாமை அறியாமையால் வந்ததன்று. வேண்டா என்று தீர்மானித்ததால் வந்தது. எழுத இயலும் என்பதற்கும் சான்று உண்டு. 2019இல் புதுதில்லியில் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகத்தில், விடுதலைக்குப் பின் மாண்ட 25,000க்கும் மேற்பட்டோர் பெயர் தனித்தனிப் பலகைகளில் உள்ளன. மனம் இருந்தால் கல்லில் இடம் உண்டு.

மூன்றாவது: ‘இது அரசின் பணி, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?’ என்பது. நம் சங்கத்தார் பலரும் சொல்வது இதுவே; எம்மை மிக வருத்துவதும் இதுவே. நடுகல்லை ஊராரும் உறவினரும் நட்டனர், அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. மேலும் அரசு செய்ய இயலாத ஒன்று இதில் உண்டு. அது தமிழறிந்தார்க்கே உரியது. மாண்ட வீரர் பலரின் பெயர்கள் இன்று ஆணையத்தின் பதிவேடுகளில், கணினியில் எவரும் காணத்தக்க வகையில் உள்ளன. பலர்க்குத் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் எல்லாம் ஆங்கில எழுத்தில். அதுவும் படைமனை எழுத்தர் காதில் விழுந்தவாறு. லகரமும் ளகரமும் ஒன்றாய், நெடிலும் குறிலும் ஒன்றாய்க் கிடக்கின்றன. வேலன் யார், வேளன் யார் என்று அவ்வெழுத்து சொல்லாது. புதுதில்லி இந்தியா கேட்டிலும் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் ஆங்கில எழுத்திலேயே உள்ளன. எண்ணாகிப் போனவன் ஒருவகையில் இறந்தான். பெற்ற தாய் படிக்க இயலாத எழுத்தில் பெயர் பெற்றவன் மற்றொருவகையில் இறந்தான். இப்பெயர்களைத் தமிழுக்கு மீட்டுத் தருவது தமிழ்ச் சங்கத்தின் பணி அன்றெனின், வேறு யாருடைய பணி?

அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் உள்ளது. அப்படையினரைத் ‘தம்பி’ என்றே அன்போடு அழைப்பது வழக்கம். 1944இல் இத்தாலியின் மின்யானோ அருகே கண்ணிவெடி மேல் தன் உடலைக் கிடத்தித் தோழரைக் காத்து மாண்ட சுபேதார் சுப்பிரமணியன் அப்படையைச் சார்ந்தவர். ஜார்ஜ் சிலுவை விருது பெற்றமையால் அவர் பெயர் நிலைத்தது. விருது பெறாத தம்பியர் எத்தனை பேர்! உறவுமுறை சொல்லி அழைத்துவிட்டோம். பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

ஆகலின் யாம் வேண்டுவன இவை. சங்கத்து இளைஞர் சிலர் கூடி, பதிவேடுகளிலிருந்து தமிழ் ஊர்களைச் சேர்ந்தோர் பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்தல் வேண்டும். அவ்வூர்ப் பெரியோர்க்கு மடல் விடுத்தும் நேரில் சென்றும் கேட்டு, பெயர்களைப் பிழையற்ற தமிழில் எழுதுதல் வேண்டும். எண் மட்டும் உள்ள கற்பலகையை அகற்றாது, அதன் அருகே பெயர் பொறித்த தமிழ்க் கல் ஒன்றை நாட்டுமாறு ஊராட்சிகளை வேண்டுதல் வேண்டும். பழைய கல்லும் நிற்கட்டும். நாம் எவ்வாறு நடத்தப்பட்டோம் என்பதற்கு அது சான்று. ஆண்டு விழாவில் முதல் அரைமணி நேரம் அப்பெயர்களை உரக்கப் படித்தல் வேண்டும். வரவேற்புரையில் நன்கொடையாளர் பெயர்களைப் பொறுமையுடன் கேட்கும் அவை, இப்பெயர்களையும் கேட்கும்.

பெயரைப் படித்தல் போரைப் போற்றுதல் ஆகாது. ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டின் இழப்பு என்று உணர்ந்தவனே போருக்கு அஞ்சுவான். எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு அடுத்த போரும் எண்ணாகவே தோன்றும்.

அடுத்த முறை அத்தூணைக் கடக்கும்போது ஒரு நொடி நிற்போம். அதன்பின் நடுகல்லைப் பற்றி மேடையில் பேசுவோம்.